அந்தரத்தில் தொங்கிய அண்டா

2024 டிசம்பர் 2, திங்கட்கிழமை. விடிந்தும் விடியாத நேரத்தில் பண்ணை அண்ணனிடமிருந்து போன்.

"தம்பி, படகு முழுக்கத் தண்ணி. நீ போட்ட சங்கிலி முன்பக்கம் கிறீச் கிறீச்சுங்குது. மெதுவா கீழே இறக்கிடட்டுமா?"

"எதையும் தொடாதீங்கண்ணா. யாரையும் கிட்ட விடாதீங்க. நான் வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

அவர் கேட்டதில் தப்பில்லை. தண்ணீரில் இருக்க வேண்டிய பொருளைத் தண்ணீரிலேயே இறக்கிவிட்டால் என்ன என்றுதான் யாருக்கும் தோன்றும். அன்றைக்கு இறக்கியிருந்தால் படகும் போயிருக்கும், சங்கிலி இழுத்த ஆளுக்கும் என்ன ஆகியிருக்குமோ. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். இன்னொரு காரணமும் உண்டு. படகைத் தூக்கி நிறுத்தும் அந்த அமைப்பைச் செய்து கொடுத்தவன் நான். கிருஷ்ணகிரி மாவட்டம் மத்தூரில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். இதில் என் தப்பும் இருக்கிறது, அது வரும் இடத்தில் சொல்கிறேன்.

பண்ணையும் தொட்டிலும்

மத்தூருக்கும் ஊத்தங்கரைக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது அந்த மீன் பண்ணை. ரோடு போட மண் எடுத்த ஆறு ஏக்கர் பள்ளம்தான் இப்போது குட்டை. நடுவில் 15 அடி ஆழம். கட்லா, ரோகு, கொஞ்சம் திலேபியா. கோடையில் தண்ணீர் ஆறேழு அடி இறங்கிவிடும், ஐப்பசி கார்த்திகையில் மறுபடி ஏறிவிடும்.

முதலில் பரிசலில்தான் தீவனம் போட்டார்கள். காவலுக்கு இருக்கிற தாத்தா பென்னாகரம் பக்கத்துக்காரர், வாலிபத்தில் ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டியவர். பரிசலைக் கரையேற்றியதும் கவிழ்த்துப் போட்டுவிடுவார். மழை பெய்தால் ஆமை ஓடு மாதிரி அதன் முதுகில் வழிந்து போகும். பிறகு குட்டை பெரிது, வேலை அதிகம் என்று அண்ணன் கடலூர்ப் பக்கமிருந்து 14 அடி ஃபைபர் படகு ஒன்றைப் பழையதாக வாங்கி வந்தார். சின்ன மோட்டார் ஒன்று. அதைத் தினமும் சாயங்காலம் கழற்றி அறைக்குள் வைத்துவிடுவார்கள். ஃபைபர் படகைக் கவிழ்த்துப் போட நாலைந்து பேர் வேண்டும். தண்ணீரிலேயே விட்டால் அடியில் பாசி பிடிக்கிறது, கோடையில் சேற்றில் உட்கார்ந்துகொள்கிறது. அதனால் தூக்கி நிறுத்த ஏதாவது செய்து கொடு என்று 2022-ல் என்னிடம் வந்தார்.

கரையோரத் தண்ணீரில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று கால்பந்து கோல் போஸ்ட் மாதிரி இரண்டு இரும்புச் சட்டம் நட்டேன். ஒவ்வொன்றின் குறுக்கு பீமிலும் ஒரு டன் செயின் பிளாக், அதாவது சங்கிலி இழுத்துப் பாரம் தூக்கும் கப்பி. அதன் கொக்கியிலிருந்து இரண்டு கம்பிக் கயிறு கீழே வந்து, படகின் அடியில் குறுக்கே போகும் சி-சேனல் என்கிற இரும்புச் சட்டத்தின் இரு முனையையும் பிடிக்கும். முன்னால் ஒரு சேனல், பின்னால் ஒரு சேனல், படகு அவற்றின்மேல் உட்காரும். கைச்சங்கிலியை இழுத்தால் ஏறும், எதிர்ப்பக்கம் இழுத்தால் இறங்கும். பக்கத்தில் நின்று வேலை செய்ய ஒரு நடைமேடை. பண்ணையில் எல்லோரும் அதைத் தொட்டில் என்றுதான் சொல்வார்கள்.

படகை அப்போதே பழைய இரும்புக் கடைத் தொங்கு தராசில் நிறுத்தேன், 270 கிலோ. சேனல், கயிறு எல்லாம் சேர்த்து 110. மொத்தம் 380 கிலோவுக்கு இரண்டு டன் தாங்கும் ஏற்பாடு. ஐந்து மடங்கு பலம் என்று பெருமையாகச் சொன்னது ஞாபகம் இருக்கிறது. மேலே தகரக் கூரை போடலாம் என்றும் சொன்னேன். அண்ணன், "அடுத்த விளைச்சலுக்குப் பார்க்கலாம்" என்றார். அதற்குப் பதில் நெல் காயவைக்கும் நீலத் தார்ப்பாய் வந்தது.

அன்றைய மழை

ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. கடலிலிருந்து இவ்வளவு தூரம் தள்ளி இருக்கிற எங்களுக்குப் புயல் என்றால் இரண்டு நாள் தூறல், அவ்வளவுதான். இந்தப் புயல் வலுவிழந்த பிறகும் அவசரப்படாமல் நகர்ந்து எங்கள் தலைக்கு மேல் வந்து கொட்டியது. டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர். அரூரிலும் 30-ஐத் தாண்டியது. எங்கள் மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்கிற மழையில் பாதிக்கு மேல் ஒரே நாளில். சாலையோரம் நிறுத்தியிருந்த வேன்களையும் கார்களையும் வெள்ளம் உருட்டிக்கொண்டு போன வீடியோவை நிறைய பேர் பார்த்திருப்பீர்கள்.

50 சென்டிமீட்டர் மழை என்றால் திறந்து வைத்த நேர்ச்சுவர்ப் பாத்திரத்தில் 50 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும். படகு நேர்ச்சுவர்ப் பாத்திரம் இல்லை. மேலே அகலம், அடியில் குறுகல், அதனால் மழையைப் பிடிக்கிற வாய் பெரிது, தேங்குகிற வயிறு சின்னது. இந்தப் படகின் வாய் ஏறக்குறைய 5 சதுர மீட்டர். அதில் அரை மீட்டர் மழை விழுந்தால் 2,500 லிட்டர். படகின் வயிறே அவ்வளவு கொள்ளாது. லிட்டருக்கு ஒரு கிலோ என்பதை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதே படகு குட்டையில் கட்டிக் கிடந்து மழையில் நிரம்பியிருந்தால் இவ்வளவு ஆபத்து இல்லை. உள்ளே தண்ணீர் ஏற ஏறப் படகு தாழும், வெளித் தண்ணீர் அதைத் தாங்கும். முன் இருக்கைக்கு அடியில் மிதவை நுரை அடைத்திருப்பதால் நிரம்பினாலும் அடிக்குப் போகாது. மொண்டு ஊற்றினால் சரியாகிவிடும். தொட்டிலில் ஏற்றிய பிறகு அது படகே இல்லை. நாலு கயிற்றில் தொங்கும் அண்டா. உள்ளே விழுகிற ஒவ்வொரு குடமும் கயிற்றின் தலையில்தான்.

போய்ச் சேர்ந்தபோது

ரோடு இரண்டு இடத்தில் அறுந்திருந்ததால் டிராக்டரில் சுற்றிக்கொண்டு போய்ச் சேரும்போது மணி ஒன்பதரை. மழை விட்டிருந்தது. குட்டை நிரம்பி, மிச்சத் தண்ணீர் வெளியேறும் கலங்கு வழியாக வழிந்து ஓடிக்கொண்டிருந்தது. மீன்கள் போன வகையில் அண்ணனுக்கு ஏற்பட்ட நஷ்டத்தோடு பார்த்தால் படகு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் அவர் அன்று காலை முழுக்கப் படகைப் பற்றி மட்டும்தான் பேசினார். மனசு அப்படித்தான், கையால் செய்ய முடிகிற வேலையைப் பிடித்துக்கொள்கிறது.

படகின் விளிம்புக்கு நாலு விரல் கீழே வரை தண்ணீர். தார்ப்பாய் கிழிந்து ஒரு பக்கம் தொங்கியது. மூக்கு பின்பக்கத்தைவிட அரை அடி தாழ்ந்திருந்தது. கடலோரத்தில் அணியம் என்பார்கள், எங்களுக்கு மூக்குதான். முன் செயின் பிளாக்கில் சங்கிலி முறுக்கேறிய வீணைத் தந்தி மாதிரி நின்றது. தண்ணீர்மேல் பெட்ரோல் வாசம். படகுக்கும் குட்டை மட்டத்துக்கும் இடைவெளி இரண்டரை அடி.

உள்ளே இருந்த தண்ணீர் எவ்வளவு என்று நீள அகலத்தை வைத்து நடைமேடையில் நின்றபடியே கணக்குப் போட்டேன். 1,300 லிட்டர் பக்கம் வந்தது. படகும் சேனலும் சேர்த்தால் 1,700 கிலோ. இரண்டு டன் ஏற்பாடு தாங்குமே என்று நினைக்கலாம். இரண்டு பிளாக்கும் சமமாகச் சுமந்தால் தாங்கும். மூக்கு தாழ்ந்தால் தண்ணீர் முன்னால் ஓடும், முன்னால் ஓடினால் எடை கூடும், எடை கூடினால் மூக்கு இன்னும் தாழும். மூட்டை ஏற்றினால் வைத்த இடத்தில் கிடக்கும், தண்ணீர் கிடக்காது. முன் பிளாக் மட்டும் ஒரு டன்னைத் தாண்டிச் சுமந்துகொண்டிருந்தது.

இறக்கக் கூடாது என்றதற்கு இதுதான் காரணம். செயின் பிளாக்கில் சுமையை நிறுத்திப் பிடிப்பது உள்ளே இருக்கும் உராய்வுத் தட்டு பிரேக். அளவுக்கு மீறிய சுமையோடு அசையாமல் இருக்கும்வரை அது எப்படியோ பிடித்துக்கொண்டிருக்கும். இறக்க ஆரம்பித்து அசைத்துவிட்டால் மறுபடி பிடிக்கும் என்று சொல்ல முடியாது. அதோடு முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் இழுக்க வேண்டும். இருவரும் ஒரே அளவு இழுக்கவே மாட்டார்கள். ஒரு அங்குலம் ஏறுக்குமாறானாலும் நூறு இருநூறு கிலோ தண்ணீர் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் பாயும். இரண்டரை அடிதானே, குட்டையைத் தொட்டுவிட்டால் பாரம் குறையுமே என்கிற எண்ணம்தான் ஆளை இழுக்கும் வலை. குட்டைத் தண்ணீர் ஏற்கெனவே படகின் அடியைத் தொட்டிருந்தால் நான் வேறு மாதிரி யோசித்திருப்பேன். அப்போது பாதி பாரத்தைக் குட்டையே வாங்கியிருக்கும்.

வடித்த விதம்

முதலில் போனது படகுக்கு அல்ல, மோட்டார் கொட்டகைக்கு. குட்டைக்குள் காற்று அடிக்கும் துடுப்புச் சக்கர ஏரேட்டர்களுக்கு மூன்று பேஸ் ஒயர் போகிறது. அப்போது கரண்ட் இல்லைதான். ஆனால் எந்த நிமிஷம் வரும் என்று யாருக்குத் தெரியும்? மெயினை இறக்கி, மூன்று பியூஸ் கேரியரையும் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அதுவரை யாரும் தண்ணீரில் கால் வைக்கவில்லை.

அண்ணன் மகன் கல்லூரிப் பையன். பக்கெட்டை எடுத்துக்கொண்டு படகுக்குள் குதிக்கத் தயாராக நின்றான். "சாமி, நீ ஏறினா உன் எடையும் சேர்ந்துதான் தொங்கும், இறங்கு" என்று தாத்தா அதட்டினார். நான் சொல்லியிருந்தால் கேட்டிருக்க மாட்டான்.

அடியில் சென்ட்ரிங் ஜாக்கி கொடுத்து முட்டுக்கொடுக்கலாம் என்று டிராக்டர் டிரைவர் சொன்னார். அதற்கு ஒரு ஆள் படகுக்குக் கீழே போக வேண்டும், சேற்றில் ஜாக்கி நிற்குமா என்பதும் சந்தேகம். வேண்டாம் என்றேன். அவரிடம் லாரிச் சரக்கு கட்டும் ராட்செட் பெல்ட் இரண்டு இருந்தது. நடைமேடையில் நின்றபடியே கொக்கிக் கழியால் முன் சேனலின் இரண்டு முனையிலும் மாட்டி, மேல் பீமில் சுற்றி, தொய்வு போகும்வரை மட்டும் இறுக்கினோம். தூக்குவதற்கு இல்லை. கயிறு விட்டுக்கொடுத்தால் பிடித்துக்கொள்ள.

அடுத்தது தக்கை. படகின் பின்பலகைக்கு அடியில் தண்ணீர் வடிய ஒரு அங்குலத் துளை உண்டு, அதை அடைக்கும் பித்தளைத் திருகு மூடியைத்தான் தக்கை என்கிறோம். அதைக் கழற்றினால் தானாகப் போய்விடுமே என்று உடனே கைவைக்கக் கூடாது. குட்டை ஏறிக்கொண்டிருந்து, மட்டம் அந்தத் துளையைத் தாண்டிவிட்டால், வடிகால் நுழைவாசலாகிவிடும். சட்டக் காலில் செங்கல் துண்டால் ஒரு கோடு போட்டுவிட்டு, பெல்ட் கட்டி முடித்து வந்து பார்த்தேன். இரண்டு விரல் இறங்கியிருந்தது. கலங்கு வேலை செய்கிறது. சரி என்று பின்பக்கமாகப் போய், பக்கவாட்டில் நின்று தக்கையைத் திருகினேன்.

ஒன்றும் வரவில்லை. கட்டைவிரல் அளவுக்குப் பழுப்பாக ஒரு கூழ் பிதுங்கியது, அவ்வளவுதான். குடைக்கம்பியை விட்டுக் குத்தினால் ஒரு செம்பு தண்ணீர் பீய்ச்சும், மறுபடி அடைத்துக்கொள்ளும். அந்தக் கூழ் என்ன என்று தாத்தா முகர்ந்து பார்த்துச் சொன்னார். "தீவனம்."

சரி, டியூப் போட்டு இழுக்கலாம் என்று முடிவானது. என்ஜின் பம்ப் இருந்தது, ஆனால் அதுவே கிணற்று மேட்டில் மூழ்கிக் கிடந்தது. ஒரு அங்குல ஹோஸ் 20 அடியில் இரண்டு துண்டு வெட்டினோம். வழக்கமாக வாய் வைத்து உறிஞ்சிவிடுவோம். மேலே பெட்ரோல் மிதக்கும்போது அது முட்டாள்தனம். ஹோஸை யூ மாதிரிப் பிடித்து வாளித் தண்ணீரால் நிரப்பி, இரண்டு முனையையும் உள்ளங்கையால் அடைத்து, ஒரு முனையைப் படகின் மூக்குப் பக்கம் அடிவரை இறக்கி, மறுமுனையைக் கீழே விட்டுக் கையை எடுத்தோம். தண்ணீர் தானாகப் பிடித்துக்கொண்டது. மூக்குப் பக்கம் என்பதைக் கவனிக்க வேண்டும். பாரம் அங்கேதான் இருக்கிறது, ஆழமும் அங்கேதான். முனையைக் கொசுவலைத் துண்டால் சுற்றி ஒரு கல்லைக் கட்டி அடியில் நிறுத்தினோம். கூழும் ஏறாது, மேலே மிதக்கிற பெட்ரோலும் ஏறாது. மீன் குட்டைக்குள் பெட்ரோலை விட்டுவிட்டு அப்புறம் படகு தப்பித்து என்ன பயன்?

20 லிட்டர் பெயிண்ட் வாளியை வைத்துப் பார்த்தேன், ஒரு ஹோஸ் 25 விநாடியில் நிரப்பியது. இரண்டும் சேர்ந்து நிமிஷத்துக்கு நூறு லிட்டர் பக்கம். படகில் மட்டம் குறையக் குறைய வேகமும் குறைந்தது. அரை மணி நேரத்தில் கணுக்கால் அளவுக்கு வந்துவிட்டது. கிறீச் சத்தம் முதல் பத்து நிமிஷத்திலேயே நின்றுபோனது. அந்த அரை மணி நேரமும் சங்கிலியை யாரும் தொடவில்லை. மூக்கைக் கொஞ்சம் தூக்கினால் சீக்கிரம் வடியுமே என்று பையன் கேட்டான். பாதித் தண்ணீர் இருக்கும்போது மூக்கைத் தூக்கினால் அத்தனையும் பின்னால் ஓடிப் பின் பிளாக்கில் மோதும். கணுக்கால் அளவு வந்த பிறகுதான் மூக்கை மெல்ல ஏற்றிச் சமமாக்கினோம். மிச்சத்தைப் பெட்ரோல் படலத்தோடு பழைய துணியில் ஒற்றி வாளியில் பிழிந்து வெளியே கொண்டுபோனோம். பெட்ரோல் கேனில் காற்றுத் திருகு திறந்தே இருந்திருக்கிறது.

எப்படி நிரம்பியது

மழை பெய்தது, நிரம்பியது என்று விட்டுவிடலாம். எனக்கு ஒரு கணக்கு இடித்தது. இந்தப் படகின் பின்பக்கத்து அடியில் ஒரு 12 வோல்ட் பம்ப் இருக்கிறது. மணிக்கு 500 கேலன், அதாவது 1,900 லிட்டர் என்று அதன்மேல் எழுதியிருக்கும். எழுதியதை நம்ப வேண்டாம், பாதி என்று வைத்தாலும் மணிக்கு 900 லிட்டர். நாள் முழுக்க விழுந்ததே 2,500 லிட்டர். மூன்று மணி நேர வேலை. அந்த மாதிரிப் பம்ப் இரண்டு ஆம்பியர் சுமாருக்குத்தான் இழுக்கும், 35 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு அது ஒன்றுமே இல்லை. அப்படியானால் பம்ப் ஏன் இறைக்கவில்லை?

கழற்றிப் பார்த்தால் சல்லடை முழுக்க அதே கூழ். விசிறி இறுகி நின்றிருந்தது. நின்ற மோட்டார் கரண்ட்டை இழுத்திருக்கிறது, 3 ஆம்பியர் பியூஸ் கருகிவிட்டது. பேட்டரியில் இன்னும் சார்ஜ் இருந்தது.

கூழ் வந்த கதை இப்படி. சனிக்கிழமை காலை தீவனம் போட்டுக்கொண்டிருக்கும்போதே தூறல் பிடித்துக்கொண்டது. வேலையாள் படகைத் தூக்கிவிட்டு, வாய் பிரித்த 25 கிலோ தீவன மூட்டையை முன் இருக்கை ஓரத்திலேயே விட்டுவிட்டுப் போனான். அதில் பத்து கிலோ இருந்திருக்கும். மிதக்கும் வகைத் தீவன உருண்டை அது. முதலில் தண்ணீரோடு மிதந்து எல்லா மூலைக்கும் போகும், ஊறி உப்பும், பிறகு குழைந்து அடியில் படியும். சல்லடைக்கும் வடிகால் துளைக்கும் அதைவிட நல்ல அடைப்பான் காசு கொடுத்தாலும் கிடைக்காது.

அதோடு பம்ப் இருப்பது பின்னால். படகை ஏற்றும்போது முன் சங்கிலியை எப்போதும் இரண்டு இழுப்பு குறைவாகவே விட்டிருக்கிறார்கள். நடைமேடைக்கு ஏறுகிற படி அந்தப் பக்கம், மூக்கு தாழ்ந்திருந்தால் மூட்டை ஏற்ற வசதி. இரண்டு அங்குலச் சரிவுதான். ஆனால் அதனால் முதல் நூற்றுச் சொச்சம் லிட்டர் மூக்கிலேயே தேங்கியிருக்கும், பம்புக்கு எட்டியே இருக்காது. எட்டியபோது கூழாக எட்டியது.

தார்ப்பாய் காப்பாற்றியதா என்றால், கெடுத்தது. நடுவில் தாங்க எதுவும் இல்லாததால் தொய்ந்து குளமாகி, ஒரு வளையம் பிய்ந்து, பிடித்து வைத்ததை மொத்தமாகப் படகுக்குள் கவிழ்த்திருக்கிறது.

இத்தனையும் இருக்கட்டும். தக்கை திறந்திருந்தால் முதல் நாள் ராத்திரியே, தீவனம் குழையுமுன், பெரும்பாலும் வடிந்திருக்கும். தொங்குகிற படகில் தக்கை கழற்றியே இருக்க வேண்டும் என்பது இந்த வேலையின் அரிச்சுவடி. ஏன் கழற்றவில்லை என்று அண்ணனிடம் கேட்டேன். அவர் கொஞ்சம் தயங்கினார். தாத்தாதான் சொன்னார்.

ஆடி மாதம் ஒரு நாள் தக்கையைப் போட மறந்து படகை இறக்கிவிட்டார்கள். குட்டை நடுவுக்குப் போவதற்குள் முழங்கால் அளவு தண்ணீர். மோட்டார் நனைந்து, அதைச் சரிசெய்ய கிருஷ்ணகிரிக்கு இரண்டு நடை. அண்ணனுக்கு வந்த கோபத்தில், "இனிமே இந்தத் தக்கையை எவனும் கழட்டக் கூடாது" என்று கட்டுக்கம்பி போட்டு முறுக்கிவிட்டார். நான் அன்று காலை திருகியபோது கட்டிங் பிளேயர் கேட்டு வாங்கியது அதற்குத்தான். அப்போது ஏன் கம்பி என்று எனக்கு உறைக்கவில்லை. ஆடியில் வெளித் தண்ணீர் உள்ளே வராமல் இருக்கப் போட்ட முடிச்சு, கார்த்திகையில் உள் தண்ணீரை வெளியே விடவில்லை.

அப்புறம் என் பங்கு. மூக்கு முதலில் இரண்டு அங்குலம்தான் தாழ்ந்திருந்தது, காலையில் ஆறு அங்குலம். மீதி நாலு அங்குலம் எங்கிருந்து வந்தது? முன்பக்கக் கயிறுகள் யூ கிளாம்பில் நழுவியிருந்தன. கம்பிக் கயிற்றை மடக்கி யூ கிளாம்ப் போடும்போது, அதன் கட்டைப் பகுதி பாரம் இழுக்கும் கயிற்றின் மேலும், வளைந்த போல்ட் வெட்டிய வால் முனையின் மேலும் உட்கார வேண்டும். ஒரு மடிப்பில் இருக்கும் மூன்று கிளாம்பும் ஒரே திசையில். நான் பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று ஒன்று விட்டு ஒன்று மாற்றிப் போட்டிருந்தேன். திருப்பிப் போட்ட இடத்தில் போல்ட் பாரக் கயிற்றையே நசுக்கியிருந்தது, பிடியும் போயிருந்தது. 380 கிலோவுக்கு இரண்டு வருஷம் அது காட்டிக்கொடுக்கவே இல்லை. ஐந்து மடங்கு பலம் என்று நான் சொன்னதில் மழைத் தண்ணீரின் எடை ஒரு கிலோகூட இல்லை. அதை அண்ணனிடம் அங்கேயே சொல்லிவிட்டேன். கூலி வாங்கவில்லை.

மாற்றியவை

படகின் அடியில் முன் சேனல் பட்ட இடத்தில் சிலந்தி வலை மாதிரி விரிசல். முழு பாரமும் இரண்டு குறுகிய இரும்பின்மேல் உட்கார்ந்ததன் விளைவு. அங்கே இரண்டு அடுக்கு ஃபைபர் பாய் வைத்து ரெசின் போட்டோம். சேனல்களுக்கு மேல் நீளவாக்கில் இரண்டு வேப்பமரச் சட்டம் போட்டு, குவாரியில் கழித்த கன்வேயர் பெல்ட் ரப்பரை அதன்மேல் அடித்தேன். இப்போது படகு கோட்டில் இல்லை, பட்டையில் உட்காருகிறது.

கயிறும் கிளாம்பும் நாலு பக்கமும் புதிது. பாரம் ஏற்றி இரண்டு வாரம் கழித்து மறுபடி முறுக்கினேன். பின்பக்கம் எப்போதும் மூன்று அங்குலம் தாழ்ந்திருக்க, சட்டக் காலில் சிவப்புப் பெயிண்ட் கோடு. படி பின்பக்கத்துக்கு மாறியது, இல்லாவிட்டால் கோட்டை யாரும் மதிக்க மாட்டார்கள். தார்ப்பாய்க்கு நடுவே பி.வி.சி. பைப்பை வளைத்துக் கூடாரம் மாதிரி முதுகு கொடுத்தோம். கூரை இன்னும் வரவில்லை. அடுத்த விளைச்சல்.

தக்கைக்குத்தான் நிறைய யோசித்தோம். மேலே இருக்கும்போது கழற்றியிருக்க வேண்டும், இறங்கும்போது போட்டிருக்க வேண்டும். இரண்டையும் ஒரே ஆள் மறக்காமல் செய்ய வேண்டும். போர்டு எழுதி மாட்டலாம் என்றான் பையன். போர்டை இரண்டு நாள்தான் படிப்பார்கள். கடைசியில் பின் செயின் பிளாக்கின் கைச்சங்கிலியைச் சுருட்டி ஒரு சின்னப் பூட்டுப் போட்டு, பூட்டின் சாவியையும் தக்கையையும் ஒரே வளையத்தில் கோத்துவிட்டோம். பூட்டைத் திறக்காமல் படகு இறங்காது, திறக்கும்போது தக்கை கையில் இருக்கும். கடலில் கேட்டால் சிரிப்பார்களோ என்னவோ, பண்ணையில் இதுவரை ஒருமுறைகூடத் தவறவில்லை.

பத்து நாள் கழித்துப் படகைத் தராசில் தொங்கவிட்டேன். 304 கிலோ. வெளியே காய்ந்த படகு 34 கிலோ கூடுதல். மிதவை நுரை இருக்கும் பெட்டிக்குள் இருக்கை திருகாணித் துளை வழியே தண்ணீர் புகுந்திருந்தது. கையகல மூடி ஒன்று வெட்டித் திறந்து வைத்தோம். பொங்கலுக்கும் சொட்டிக்கொண்டிருந்தது, அப்போது 285. மே மாத வெயிலில் மறுபடி நிறுத்தபோது 272.

"மீதி ரெண்டு கிலோ நாம போட்ட ஃபைபர் பட்டி தாத்தா" என்றேன்.

அவர் மூடிக்குள் தலையை விட்டு ஒருமுறை முகர்ந்தார். "தீவனம் சாமி. இன்னும் ஒரு கை கிடக்குது, விட்டு எடு."